தன் துணியை மட்டும் எடுத்தவர்

"நீங்க இந்த வீட்டுக்கு என்ன வேணும்?"

நான்கு வருடங்களுக்கு முன், மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்த பெண் வாசற்படியில் நின்றபடி அவளிடம் கேட்ட கேள்வி இது. பல்லுக்கிடையில் நூலைக் கடித்துக்கொண்டிருந்ததால் அவளால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. நூல் இல்லாவிட்டால் மட்டும் சொல்லியிருப்பாளா என்பது வேறு விஷயம். சமையலறையிலிருந்து சின்னக்காதான் குரல் கொடுத்தாள்.

"கூட இருக்கா."

வந்தவள் படிவத்தில் விரலை ஓட்டினாள். மனைவி, மகன், மகள், தாய், தந்தை... எல்லாவற்றையும் தாண்டிக் கடைசிக் கட்டத்தில் ஒரு டிக் போட்டாள். மற்றவர்.

அவள் வருத்தப்பட்டாளா என்றால், இல்லை. பேனாவுக்கு மூடி இல்லையே, பைக்குள் மை கசியுமே என்றுதான் நினைத்தாள்.

அவளுடைய கதை ரொம்பச் சின்னது. சொந்த அக்கா நோயில் படுத்தபோது உதவிக்கு என்று வந்தாள். அப்போது பதினைந்து வயது. ஒன்பதாம் வகுப்பில் பாதி. மூன்று மாதம் என்றார்கள். அக்கா இரண்டு வருடம் படுத்திருந்துவிட்டுப் போய்விட்டாள். இரு என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. அத்தான் மறுமணம் செய்துகொண்டார். வந்தவளைச் சின்னக்கா என்று கூப்பிட ஆரம்பித்தாள். சின்னக்காவும் நல்லவள்தான். ஜன்னலோரம் ஒரு தையல் மிஷின் வந்தது. பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது.

அது நான்கு மாடிக் கட்டடம். மாடிக்கு மூன்றாகப் பன்னிரண்டு வீடுகள். கட்டடச் சங்கத்துக்கு அத்தான்தான் செயலாளர். மொட்டைமாடியில் வீட்டுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு துணிக்கொடிகள். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், பழைய காவலாளியின் அறை. அது எந்தக் கணக்கிலும் வராது.

அந்தக் கட்டடத்தில் எழுதி வைக்காத சட்டம் ஒன்று உண்டு. மழைத்துளி விழுந்ததை முதலில் யார் பார்க்கிறாரோ, அவர் மாடிக்கு ஓட வேண்டும். தன்னுடையதை மட்டுமல்ல, பன்னிரண்டு கொடியையும் உருவ வேண்டும். வீடு வீடாக மூட்டை கட்டி, கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். மாட்டியவர் யார் என்று கேட்பதில்லை. முக்கியமாக, நன்றி சொல்வதில்லை. நம் ஆளுக்கு யாராவது நன்றி சொல்வார்களா?

பெரும்பாலும் முதலில் ஓடுவது அவள்தான். ஜன்னலோரம் உட்காருபவளுக்குத்தானே வானம் முதலில் தெரியும்.

ஒருநாள் ஊசியில் நூல் கோக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்ததில் வானத்தைப் பார்க்கத் தவறிவிட்டாள். சடசடவென்று சத்தம் கேட்டு, படிகளை இரண்டிரண்டாகத் தாவி மேலே போனபோது, கொடிகள் எல்லாம் சொட்டிக்கொண்டிருந்தன. காவலாளி அறை வாசலில் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். அன்று காலையில்தான் குடிவந்தவன். கையில் இரண்டு சட்டை, ஒரு துண்டு. மூன்றும் காய்ந்து, மடிக்கப்பட்டு, அழகாக இருந்தன.

"உங்க துணியை மட்டும் எடுத்திருக்கீங்க."

"ஆமாங்க. என் துணி மட்டும்தானே என்னுது?"

"மத்ததெல்லாம் நனையுதே... கண்ணு தெரியலையா?"

"தெரியுது. அடுத்தவங்க துணியைத் தொடறது எப்படின்னு..."

"பாம்பு பாருங்க, கடிக்கும்."

சொல்லிவிட்டு அவளே திகைத்துப் போனாள். பன்னிரண்டு வருடத்தில் யாரிடமும் இவ்வளவு பேசியதில்லை. அதுவும் முன்பின் தெரியாத ஆளிடம்... மழை அவள் இமைகளில் முத்துமுத்தாக உட்கார்ந்திருந்தது. அவன் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது. கழற்றித் துடைத்தான். கண்ணாடி இல்லாத அந்தக் கண்கள், தூக்கத்திலிருந்து அப்போதுதான் எழுந்தவை போல, கூச்சத்தோடு அவளைப் பார்த்தன. அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டு ஈரப் போர்வைகளை உருவத் தொடங்கினாள்.

"நானும் எடுக்கட்டுமா?"

"இனிமே எடுத்து என்ன, பிழியறதுக்கா?"

சாயங்காலத்துக்குள் செய்தி கட்டடம் முழுக்கப் பரவிவிட்டது. அவள் சொல்லவில்லை, ஈரத் துணியே சொல்லிவிட்டது. கடைத்தெரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவன் என்று தெரிந்ததும் ஆளுக்கு ஒரு பேச்சு. ஊருக்கெல்லாம் பார்வை கொடுக்கிறவனுக்குப் பக்கத்துக் கொடி தெரியவில்லையாம்.

யாரும் அவனைத் திட்டவில்லை. அதுதான் விஷயம்.

மூன்று வாரம் கழித்துப் படிக்கட்டில் அவளை எதிர்ப்பட்டான். முகமெல்லாம் மலர்ச்சி.

"உங்க கட்டடத்துல எல்லாரும் ரொம்ப மரியாதைங்க."

"அப்படியா?"

"முதல் மாடி டீச்சரம்மாவுக்குக் கேட்டைத் திறந்து விட்டேன். மிக்க நன்றின்னாங்க. உங்க அத்தான் கீழ போட்ட பேனாவை எடுத்துக் கொடுத்தேன். ரொம்ப ரொம்ப நன்றி சார்னு கையைக் குலுக்கினார்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். முடியவில்லை... சிரிப்பு மூக்கு வழியாக வந்துவிட்டது.

"ஏங்க சிரிக்கிறீங்க?"

சொன்னாள். நன்றி என்ற வார்த்தைக்கு இந்தக் கட்டடத்தில் என்ன பொருள் என்று சுவரைப் பார்த்தபடியே சொல்லி முடித்தாள். அவன் மலர்ச்சி படிப்படியாக இறங்கியது.

"அப்போ இருபது நாளா எல்லாரும் என்னைத் திட்டிட்டு இருக்காங்களா?"

"திட்டலை. திட்டினா நம்ம ஆளுன்னு அர்த்தம்."

அவன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். "இதுக்கு முன்னாடி இருந்த இடத்துல, மழைன்னு பக்கத்து வீட்டுத் துணியை எடுத்து வச்சேன். ஒரு சட்டை குறையுதுன்னு என்கிட்ட வந்து நின்னாங்க. அதுக்கப்புறம் அடுத்தவங்க துணின்னா கை வரமாட்டேங்குது."

அன்று பாம்பு என்று சொன்னது இப்போது அவளையே குத்தியது. அவள் இறங்கிப் போய்விட்டாள்.

அடுத்த மழை ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் வந்தது. அவள் நூல் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். கேட்டுக்குள் நுழையும்போதே படிக்கட்டில் சந்தைக்கடைச் சத்தம். டீச்சரம்மா ஒரு கட்டம் போட்ட கால்சட்டையை இரண்டு விரலால், செத்த எலியைப் பிடிப்பது போலத் தூக்கிப் பிடித்திருந்தார்.

"இங்க வா நீ. இது உங்க அத்தானோடதுதானே? தனியா இருக்கிற பொம்பளை வீட்டுக் கதவுல கொண்டாந்து மாட்டியிருக்கான் அந்த மாடி ரூம்காரன். முப்பது வருஷ சர்வீஸ்ல எனக்கு இப்படி ஒரு பேரு வந்ததில்லை."

மேலே அத்தான், டீச்சரம்மாவின் பூப்போட்ட நைட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, அதை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றிருந்தார். சின்னக்கா கதவிடுக்கில் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். பன்னிரண்டு வீட்டிலும் பன்னிரண்டு குழப்பம். எல்லாத் துணியும் காய்ந்திருந்தன. ஒன்றுகூடச் சரியான வீட்டில் இல்லை.

"ஏம்ப்பா, கண்ணாடி விக்கிறவனுக்குக் கண்ணு தெரியாதா? அறிவுன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?" டீச்சரம்மா படிக்கட்டைப் பார்த்து முழங்கினார்.

நான்காம் மாடித் திருப்பத்தில் அவன் நின்றிருந்தான். நனைந்த கோழி மாதிரி இருந்தான். ஆனால் முகத்தைப் பார்க்க வேண்டுமே... பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பிள்ளை தோற்றான்.

"திட்டிட்டாங்க" என்றான் அவளிடம். "நல்லா திட்டிட்டாங்க."

பிறகு இருவரும் படியில் உட்கார்ந்து துணிகளைப் பிரித்தார்கள். அவளுக்கு ஒவ்வொன்றின் ஜாதகமும் தெரியும். இது இரண்டாம் மாடிக்காரருடையது, இடுப்பு மூன்று தடவை பிரித்தாயிற்று. இது அவர் மகளுடையது, வேலைக்கு நேர்முகம் போகும்போது மட்டும் போடுவாள். இந்தச் சட்டையில் காலர் திருப்பித் தைத்தது, யாரிடமும் சொல்லாதீர்கள்... அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். அவன் துணியைப் பார்க்கவில்லை.

"ஒண்ணு மட்டும் யாரோடதுன்னு எனக்கே தெரிஞ்சுது" என்று எழுந்து அறைக்குள் போனான். திரும்பி வந்தபோது கையில் இரண்டு நீல நைட்டிகளும் ஒரு மேல்துண்டும். காய்ந்து, மடித்து. "தொட்டிக்குப் பின்னாடி ஒரு கம்பியில கிடந்துச்சு. என் ஜன்னலுக்கு நேரா. இதைத்தான் முதல்ல எடுத்தேன்."

மூன்றாம் மாடியில் இருந்த அவர்கள் வீட்டுக்கு உரிய கொடி அத்தான் துணிக்கும் சின்னக்கா துணிக்குமே சரியாக இருந்தது. அதனால் தொட்டிக்குப் பின்னால் அவளே ஒரு கம்பி கட்டிக்கொண்டாள். அதை யாரும் மறைக்கவில்லை, யாரும் பார்க்கவும் இல்லை. மழை வந்தால் எல்லார் துணியையும் எடுத்த பிறகு அங்கே போவாள். பன்னிரண்டு வருடமாக, மழைநாளில் அவள் போட்டுக்கொண்டது ஈரத்தைத்தான்.

துணியை வாங்கிக்கொண்டாள். வாய்வரை வந்த ஒரு வார்த்தையை விழுங்கினாள். சொல்லிவிட்டால் அவன் வெளியாளாகிவிடுவானே...

"நூல் கோக்கும்போது ஊசியை ஏன் அவ்வளவு தள்ளிப் பிடிக்கிறீங்க?" அவன் திடீரென்று கேட்டான்.

"எங்க பார்த்தீங்க?"

"படி ஏறும்போது உங்க ஜன்னல் தெரியுமே. கடைக்கு வாங்க. கண்ணைப் பார்க்கணும்."

"என்ன?"

"பரிசோதிக்கணும்னேன்."

ஒரு வாரம் போகவில்லை. எட்டாம் நாள் போனாள். நீளமான, குறுகலான கடை; கோடியில் ஓர் எழுத்துப் பலகை. அவன் பழக்க தோஷத்தில் எழுத்துப் படிக்காதவர்களுக்கான பலகையைத் திருப்பினான். அதில் இருக்கும் E எழுத்து எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று விரலால் காட்ட வேண்டும்.

"எனக்குப் படிக்கத் தெரியும்."

"ஐயோ, அப்படி நினைக்கலைங்க..."

"நினைச்சீங்க."

பலகையை மாற்றினான். முதல் நான்கு வரிகளை ஒப்பிப்பது போல வாசித்தாள். பிறகு கையில் ஓர் அட்டையைக் கொடுத்தான். அதில் எழுத்துகள் எறும்புக் கூட்டமாக நெளிந்தன. அவன் கண்ணாடிச் சட்டத்தில் வில்லை வில்லையாக மாற்றினான். எறும்புகள் ஒவ்வொன்றாக நின்றன, வரிசைக்கு வந்தன, வார்த்தைகளாயின. அவள் மூச்சை இழுத்தாள்.

சின்ன விளக்கை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தான்.

"மேல பாருங்க... கீழ பாருங்க... வலது பக்கம்... இப்போ என்னைப் பாருங்க."

பார்த்தாள். கறுப்புக்குள் பழுப்பு, பழுப்புக்குள் ஒரு பொட்டு வெளிச்சம், அந்த வெளிச்சத்துக்குள் சின்னதாக அவளே... எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

"இதெல்லாம் பரிசோதனையில உண்டா?"

"கடைசியா சொன்னது கிடையாது" என்றான் அவன், உண்மையை மறைக்கத் தெரியாமல்.

இங்கேதான் அவன் இரண்டாவது தப்பைச் செய்தான். அந்த வாரமே நல்ல சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு அத்தானிடம் போய்ப் பெண் கேட்டான். அப்போது அவள் டீச்சரம்மா வீட்டில் திரைச்சீலைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தாள்.

அத்தான் கெட்டவரில்லை. ஆனால் எதையும் அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்று பழகியவர். காவலாளி அறைக்கு வாடகைக்கு வந்தவன் தன் வீட்டு வாசலில் நின்று இப்படிக் கேட்பான் என்பதை எந்தக் கூட்டத்திலும் அவர் யோசித்ததில்லை. பதில் சொல்லாமல் உள்ளே போய், ஒரு மணி நேரம் கழித்து வந்து, அந்த அறையைச் சங்கம் சாமான் வைக்க எடுத்துக்கொள்ளப் போகிறது, மாதக் கடைசிக்குள் காலி செய்யுங்கள் என்றார்.

அவள் அன்றே மாடிக்கு ஏறினாள்.

"என்னைக் கேட்டீங்களா?"

"பெரியவர்கிட்ட முதல்ல கேக்கிறதுதான் முறைன்னு..."

"என் காதுக்கு வராமலே என்னைப் பத்திப் பேசிட்டீங்க. சின்ன வயசுல இருந்து இதேதான். அவளை அனுப்பலாம், அவ இருக்கட்டும், அவளுக்கு ஒரு மிஷின் வாங்கிக் கொடுக்கலாம்... ஒருத்தராவது உனக்கு என்ன வேணும்னு கேட்டிருப்பாங்களா? நீங்களாவது..." தொட்டிப் பக்கம் கையைக் காட்டினாள். "கம்பியில கிடக்கிற துணின்னு நினைச்சீங்களா, எடுத்து மடிச்சு வைக்க?"

பதிலுக்கு அவள் நிற்கவில்லை.

பத்து நாள் அவள் ஜன்னலுக்குத் திரை போட்டுவிட்டுத் தைத்தாள். அவன் கேட்பதையெல்லாம் நிறுத்திவிட்டான். ஒரு தடவை படிக்கட்டில், "தப்பு என்னுதுதான்" என்று மட்டும் சொல்லி ஒதுங்கி வழிவிட்டான். அவள் தலையைக்கூட அசைக்கவில்லை. அன்று ஒரே சட்டைக் கையை மூன்று தடவை தலைகீழாக வைத்துத் தைத்தாள்.

மூன்றாவது தடவை பிரிக்கும்போது சின்னக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீ போயிட்டா எனக்குக் கை ஒடிஞ்ச மாதிரி. அதைச் சொல்லக்கூடாதுன்னுதான் இத்தனை நாளா வாயை மூடிட்டு இருந்தேன்."

"நான் எங்கயும் போகலையேக்கா."

"அதான் பார்க்கிறேனே, சட்டைக் கை எங்க போயிருக்குன்னு." சின்னக்கா நூல் பிசிறை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். "நான் இந்த வீட்டுக்கு வந்தப்போ, எந்த நாற்காலியில உக்காரணும்னுகூடத் தெரியாது. நீ ஒரு நாற்காலியைக் காட்டி, இது யாரும் உக்காராத இடம், நீங்க உக்காருங்கன்னே. எனக்கு அது போதுமா இருந்துச்சு. அப்புறந்தான் தெரிஞ்சுது, அது நீ உக்காருற நாற்காலி."

அவள் கத்தரியைக் கீழே வைத்தாள்.

"இங்க இருந்து போயிட்டா, இவங்களுக்கெல்லாம் நான் யாரோ ஆயிடுவேனோன்னு பயமா இருக்குக்கா."

"யாரு சொன்னா? உங்க அத்தானா? அவர் சங்கத்து மினிட்ஸ் நோட்டுல எழுதிட்டா வானம் கீழ, பூமி மேலன்னு ஆயிடுமா?" சின்னக்கா எழுந்தாள். "மேல போய்ப் பேசு. இன்னிக்கு மாசக் கடைசி."

முப்பத்தாறு படி. அவ்வளவுதான். ஆயிரம் தடவை ஓடி ஏறிய படிகள். அன்று ஒவ்வொன்றாக ஏறினாள்.

அறையில் பெட்டி கட்டியாகிவிட்டது. சாமான் அலமாரிக்கு அத்தான் அளவெடுத்துக்கொண்டிருந்தார். ஸ்டூல் மேல் ஏறி நின்று, காதில் பென்சில் செருகி, டேப்பின் ஒரு முனையைச் சுவரில் அழுத்தியிருந்தார். மறுமுனையை யாராவது பிடிக்க வேண்டுமே. காலி செய்கிறவனே பணிவாகப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"கொஞ்சம் இறக்குங்க... இன்னும் கொஞ்சம்" என்றார் அத்தான். பிறகு அவளைப் பார்த்தார். "என்னம்மா, இங்க?"

"அத்தான், நான் பேச வந்தேன். நீங்களும் இருக்கிறது நல்லதுதான். என்னைப் பத்தின பேச்சு, எல்லாரும் சேர்ந்து கேக்கலாம்."

அவன் பக்கம் திரும்பினாள். டேப் முனையை விடவா வேண்டாமா என்று தெரியாமல் அவன் அப்படியே குனிந்த நிலையில் இருந்தான்.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. நீங்க அத்தான்கிட்ட கேட்டதால இல்ல. என் மேல இரக்கப்பட்டதால இல்ல. அதுக்கு முன்னாடியே... கேட்டைத் திறந்து விட்டதுக்கு நன்றின்னாங்கன்னு சந்தோஷமா வந்து நின்னீங்களே, அன்னிக்கே. அதை நான் சொல்லியிருக்கணும். நீங்க கேட்டிருக்கணும். ரெண்டு பேரும் விட்டுட்டோம்."

"இப்போ கேக்கட்டுமா?" அவன் குனிந்தபடியே கேட்டான்.

"கேளுங்க."

"உங்களுக்கு என்ன வேணும்?"

"நீங்க வேணும்."

வெளியே யாருடைய போர்வையோ காற்றில் படபடத்தது. அத்தான் தொண்டையைக் கனைத்தார். "இது சங்கத்தோட அறை" என்றார்.

"தெரியும் அத்தான். அறை வேணும்னா எடுத்துக்கங்க, அவர் எங்க போறாரோ அங்க போறேன். கொடுத்தா இங்க இருக்கோம். எங்க இருந்தாலும், இந்தப் பன்னிரண்டு வீட்டுத் துணியிலயும் என் தையல் இருக்கு. நான் உங்க வீட்டு மூலையில உக்காந்திருந்தாத்தான் இவங்க என் ஆளுங்கன்னு இல்ல. இவ்வளவு நாளா அப்படித்தான் நினைச்சு பயந்துட்டு இருந்தேன்."

அத்தான் அவளையே பார்த்தார். பன்னிரண்டு வருடத்தில் அவள் இவ்வளவு நீளமாகப் பேசி அவர் கேட்டதில்லை. பேசியிருந்தாலும் கேட்டிருப்பாரா என்ற சந்தேகம் அவருக்கே வந்திருக்க வேண்டும். பார்வை முதலில் தாழ்ந்தது அவருடையதுதான். பதினொரு வருடமாகச் செயலாளர். எத்தனையோ கூட்டங்கள், எத்தனையோ சண்டைகள். எதிலும் கடைசி வார்த்தையை அவர் இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்ததில்லை.

சுவரில் அழுத்தியிருந்த விரலை எடுத்தார். அவன் பிடியை விட்டதும் டேப் விர்ரென்று சுருண்டு அவர் கைக்குள் போனது. எடுத்த அளவைக் குறித்துக்கொள்ளவில்லை. அந்த அறைக்கு இனி அலமாரி வராது. ஸ்டூலிலிருந்து ஒவ்வொரு காலாக இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு, கடைசி வார்த்தையை அவளிடமே விட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார்.